எல்லா ஸ்டாப்பிலும் நிற்கும்

அவர் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. இதைக் கேட்டதும் எவ்வளவு நல்ல மனிதர் என்று உருகுகிறவர்கள் அவரோடு ஒரே கமிட்டியில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். நான் உட்கார்ந்திருந்தேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டிரான்ஸ்போர்ட் இன்சார்ஜாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போன பிறகும் பட்டம் போகவில்லை. டீக்கடை முதல் கலெக்டர் ஆபீஸ் வரை அவர் பெயர் இன்சார்ஜ்தான். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று நிச்சயம் இருந்திருக்கும். அதைக் கேட்கும் அவசியம் யாருக்கும் வரவில்லை. மூன்று மொழிகளில் சம்மதம் சொல்லத் தெரிந்தவர். முதலாளிகளிடம் உருதுவில் "ஜீ சாப்." ஆந்திர எல்லை டிரைவர்களிடம் தெலுங்கில் "அலாகே." எங்களிடம் தமிழில் "பண்ணிட்லாம்மா." நான்காவதாக ஒரு மொழி தெரிந்திருந்தால் அதிலும் ஏதாவது ஒரு குடும்பம் ஏமாந்திருக்கும்.

விடியற்காலையில் கிராமம் கிராமமாகப் போய்த் தையல் செக்‌ஷன் பெண்களை ஏற்றி வருகிற கம்பெனி வேன்களை இந்தப் பக்கத்தில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அவர் காலத்தில் அந்த வேன்களுக்குத் தனிப் புகழ் இருந்தது.

"வேப்பமரத்தாண்ட ஒரு ஸ்டாப் குடுங்க இன்சார்ஜ். இருட்டுல அவ்ளோ தூரம் நடக்க முடில."

"குடுத்துட்லாம்மா."

"எனுக்கு மாமியா வூட்டாண்ட. கைக்கொழந்தைய வுட்டுட்டு வரணும்."

"நிறுத்திட்லாம்மா."

கடைசியில் ஒவ்வொரு பெண்ணின் வாசலிலும் வேன் நின்றது. சில வாசல்களில் தலை பின்னி முடியும்வரை நின்றது. ஒரு டிரைவர் வெறுத்துப்போய், "சார், நான் வேன் ஓட்றேனா, பால் ஊத்துறேனா?" என்று கேட்டாராம். அவருக்கும், "கரெக்ட்டுப்பா, நீ சொல்றது நியாயம்தான்" என்று பதில் கிடைத்தது. புரொடக்‌ஷன் மேனேஜர் கூப்பிட்டு எல்லா ஸ்டாப்பையும் வெட்டச் சொன்னார். "வெட்டிட்லாம் சார்" என்றார் இன்சார்ஜ். ஒரு ஸ்டாப்பும் வெட்டப்படவில்லை. மேனேஜர்தான் மாறிப்போனார்.

ஒருமுறை ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணங்களுக்கு முன்வரிசையில் நின்று வரவேற்பதாக ஒப்புக்கொண்டாராம். ஒன்று வாணியம்பாடியில், ஒன்று குடியாத்தத்தில். இரண்டு வீட்டாரும் அவரைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் பாதி வழியில், பஞ்சரான யாரோ ஒருவருடைய பைக்கைத் தள்ளிக்கொண்டிருந்தார். அந்த ஆளும் உதவி கேட்டிருக்கிறார், என்ன செய்வது.

எங்கள் வீட்டுக்குள் இவர் எப்படி வந்தார் என்று சொல்ல வேண்டும்.

நான் இங்கே ஒரு பள்ளியில் பிளஸ் டூவுக்குக் கணக்கு எடுக்கிறேன். கணவருக்கு ஓசூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை விருந்தாளி. அம்மா போன பிறகு அப்பா எங்களோடு இருந்தார். டேனரியில் தோல் ஊறவைக்கும் டிரம் செக்‌ஷனில் மேஸ்திரியாக இருந்தவர். அவருக்கு மறதி வந்தபோது நாங்கள் எல்லா வீட்டையும் போல அதை வயசு என்றோம். கண்ணாடியைத் தொலைத்தார், வயசு. சாப்பிட்டுவிட்டு மறுபடி தட்டைப் போட்டு உட்கார்ந்தார், வயசு. வயசு என்று சொல்லிவிட்டால் மருத்துவம் பார்க்க வேண்டியதில்லை, மிகவும் வசதி.

பிறகு ஒரு மத்தியானம் அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என் மகளின் பள்ளிக்குப் போனார். அப்போது அவள் நான்காம் வகுப்பு. தினமும் கூட்டிப்போகிற தாத்தாதானே என்று வாட்ச்மேன் அனுப்பிவிட்டார். நான் என் பள்ளியிலிருந்து வந்து பார்க்கும்போது வீட்டில் இருவரும் இல்லை. நான் கணக்கு டீச்சர். ஆனால் அன்று ஆம்பூரில் எத்தனை கிணறு, எத்தனை ரயில்வே கேட், எத்தனை லாரி என்பதைத் தவிர வேறு கணக்கு மனதில் ஓடவில்லை.

ஒடுகத்தூரிலிருந்து போன் வந்தது. பேருந்து நிலையத்தில் ஒரு டீக்கடைக்காரர் மகளின் கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார். போய்ப் பார்த்தபோது இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் தங்கை கமலா ஒடுகத்தூரில் வாழ்க்கைப்பட்டவர். கோபித்துக்கொண்டு வந்த தங்கையைப் புருஷன் வீட்டில் கொண்டுபோய் விட வந்திருக்கிறார் அப்பா. அத்தை செத்துப் பல வருடமாகிறது.

"தாத்தா என்ன கமலான்னு கூப்ட்டாரும்மா," என்றாள் மகள். "நானும் சரின்னுட்டேன். இல்லன்னு சொன்னா அழுவுறாரு."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அவள் கையை விட முடியவில்லை. இன்றுவரை மகள் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் நான் தெருமுனைக்குப் போய் நின்றுவிடுகிறேன்.

மறுநாள் வாசல் கிரில்லுக்குப் பூட்டு வாங்கினேன். நான் பள்ளிக்குப் போகும் நேரங்களில் அப்பா உள்ளே நின்று தெருவில் போகிறவர்களிடம், "போலீஸக் கூப்டுங்கப்பா, என்ன அடச்சி வெச்சிக்கிறாங்க" என்பார். தெருவுக்கு என்மேல் மிகுந்த அனுதாபம். "பெத்த அப்பன பூட்டி வெச்சிட்டு ஊரான் புள்ளைக்குப் பாடம் நடத்துறா," என்று எதிர்வீட்டு அம்மா என் காதில் விழும்படியே அனுதாபப்பட்டார்.

வேலூருக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா நன்றாகப் பேசினார். இதற்கு மாத்திரை கொஞ்சம்தான் உதவும். பகலில் பழகின இடம், பழகின நேரம், இந்த நோயைப் புரிந்த ஆட்கள் வேண்டும், அதுவும் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றார். வீட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். பிரியாணிக் கடைகளும் செருப்பு ஷோரூம்களும் இருந்தன. பிரியாணிக்கு பெங்களூர்க்காரன் இங்கே வருகிறான். நோய்க்கு நாங்கள் வேலூர் போகிறோம். திரும்பி வரும்போது அப்பா பள்ளிகொண்டாவில் ஓடுகிற பேருந்தை விட்டு இறங்கப் பார்த்தார். அதன்பின் வேலூர்ப் பயணமும் நின்றது.

ஊரில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி உண்டு. மறதி நோய்க்கு ஒரு வார்டு வேண்டும் என்று அதன் தலைவருக்கு மனு எழுதினேன். மனு எழுதியதற்குத் தண்டனையாக என்னை வார்டுத் திட்டக் கமிட்டியில் போட்டார்கள். தலைவர் ஒரு டேனரியும், இன்சார்ஜ் வேலை பார்த்த அந்த ஷூ கம்பெனியும் வைத்திருக்கும் முதலாளி. எல்லோரும் சாப் என்பார்கள். திங்கட்கிழமைதோறும் வேலூரிலிருந்து வந்து நோயாளிகளைப் பார்க்கும் அதே டாக்டரம்மாவும் கமிட்டியில் இருந்தார். செயலாளர் இன்சார்ஜ். அந்தப் பதவிக்கு வேறு எல்லோரும் முடியாது என்று சொல்லிவிட்டிருந்தார்கள்.

முதல் கூட்டம் பிரியாணியோடு நடந்தது. நல்ல பிரியாணி, அதைக் குறை சொல்ல முடியாது. கூட்டத்தைத்தான் சொல்ல வேண்டும்.

டாக்டரம்மா, "தரைத்தளத்துல ஒரு ஹால் போதும். வெளிச்சம் வேணும். ரெண்டு நர்ஸுக்கு ட்ரெய்னிங் குடுத்தா ஆரம்பிச்சிடலாம்," என்றார்.

"பண்ணிட்லாம் டாக்டர்," என்றார் இன்சார்ஜ்.

சாப், "கீழ பழைய ஸ்டோர் ரூம் ஒண்ணுதான் காலி. அத வேற எதுக்காவது வெச்சுக்கலாம். ரெண்டாவது மாடி கட்டி அதுல போட்டா வெளியூர்லருந்து பாக்க நல்லாருக்கும்," என்றார்.

"ஜீ சாப், மாடில போட்டுட்லாம்."

"மாடியிலயா? படி ஏறினது எதுக்குன்னே மறந்துடறவங்க சார் இவங்க," என்றேன்.

"கரெக்ட் டீச்சரம்மா. கீழயே வெச்சிட்லாம்."

ஒருவர் வாசலில் தன் தகப்பனார் பெயரில் வளைவு கட்ட விரும்பினார். சரி. இன்னொருவர் தன் மைத்துனர் மார்பிள் வியாபாரம் செய்வதை நினைவுபடுத்தினார். போட்டுட்லாம். கால் வைத்தால் பெரியவர்கள் வழுக்கி விழுவார்கள் என்றார் டாக்டரம்மா. கரெக்ட், வேணாம். மார்பிள் கேட்டவர் முகம் சுருங்கியது. சுவத்துக்குப் போட்டுட்லாம் பாய், இன்னாத்துக்குக் கவலை. மூன்றாவது கூட்டத்தில் எங்கள் வார்டுக்கு நீரூற்று, ஸ்கேன் மெஷின், மூலிகைத் தோட்டம், சுவர் முழுக்க மார்பிள் எல்லாம் இருந்தன. வார்டு மட்டும் இல்லை.

வெளியே வந்ததும் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாருக்கும் சரி சரின்னா எது சார் நடக்கும்? ஒருத்தருக்காவது முடியாதுன்னு சொல்லுங்களேன்."

"சொல்லிட்லாம்மா," என்றார்.

நான் பள்ளியிலிருந்து திரும்பிய பிறகு, அப்பாவைப் பார்க்க வீட்டுக்கு வருவார். வரச் சொல்லி நான் கேட்கவில்லை. அப்பா கேட்டிருக்கிறார், கிரில் வழியாக. தெருவில் போன அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு போனபோது இவர் நின்று, "வர்றேன் மேஸ்திரி" என்றிருக்கிறார்.

"வேன் வந்துச்சா?" என்பார் அப்பா. "டிரம் ஓடினு இருக்குது. தோல் வெந்துடப் போவுது."

நானாக இருந்தால், அப்பா, நீங்க ரிட்டையர் ஆயாச்சு, அந்த டேனரியையே மூடியாச்சு என்று விளக்குவேன். கணக்கு டீச்சருக்கு விடை சரியாக இருக்க வேண்டும். அப்பா தினமும் வேலை போன செய்தியைப் புதிதாகக் கேட்டு, தினமும் புதிதாக அதிர்ந்து, கையில் கிடைத்ததை என்மேல் வீசுவார்.

இன்சார்ஜ், "வந்துனு இருக்கு மேஸ்திரி. மாதனூர் தாண்டிட்டானாம். அதுவரிக்கும் ஒரு டீ குடிப்போம்," என்பார். அப்பா உட்கார்ந்து டீ குடிப்பார். டிரம்மில் எவ்வளவு சுண்ணாம்பு, எத்தனை சுற்று என்று விவரமாகச் சொல்வார். இன்சார்ஜ் கரெக்ட் கரெக்ட் என்று கேட்பார்.

பார்ப்பதற்கு மிக அழகான காட்சி. டீ முடிந்ததும் இன்சார்ஜ் கிளம்பிவிடுவார். அவர் சொன்ன வேன் என் வீட்டிலேயே தங்கிவிடும். "மாதனூர் தாண்டினவன் ஏன் இன்னும் வரல? நீதான் திருப்பி அனுப்சிட்ட," என்று அப்பா இருட்டும்வரை கிரில்லை உலுக்குவார். இன்சார்ஜ் சரி என்று சொல்லிவிட்டுப் போவதை யாரோ ஒருவர் பின்னால் நின்று சுமக்க வேண்டியிருந்தது. பெரும்பாலும் ஒரு பெண். இதை அவரிடமே ஒருநாள் சொன்னேன். "கரெக்ட்டும்மா," என்றார்.

ஒரு வருடம் ஓடியது. கடைசிக் கூட்டத்தில் பிரியாணி இல்லை, சமோசாதான். அப்போதே புரிந்திருக்க வேண்டும். சாப் சொன்னார்: "நல்ல திட்டம். எல்லாரும் நல்லா உழைச்சீங்க. மாடி இப்ப கட்ட முடியாது. கீழ இருக்கிற ஸ்டோர் ரூம்ல டயாலிசிஸ் போட்டுட்லாம். மெஷின் வர ரெண்டு மாசம் ஆகும். இத அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். நான் இன்சார்ஜைப் பார்த்தேன்.

"ஜீ சாப்," என்றார் அவர். "பாத்துக்கலாம்."

டயாலிசிஸும் தேவைதான். அதை எதிர்த்து என்ன பேசுவது? எழுந்து வந்துவிட்டேன்.

அந்த வாரமே பெங்களூருக்கு வெளியே ஒரு முதியோர் இல்லத்தில் பேசினேன். போனில் பேசியவர் ரொம்பத் தெளிவானவர். நான்கு செட் துணி கொண்டுவாருங்கள், முதல் மாதம் பார்க்க வராதீர்கள், வந்தால் அவர் பழக மாட்டார் என்றார். ராத்திரி சத்தம் போட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "சமாளிப்போம்" என்றார். எப்படி என்று கேட்கத் தைரியம் வரவில்லை. செவ்வாய்க்கிழமைக்குக் கார் சொன்னேன். தாத்தா எங்கே போகிறார் என்று கேட்ட மகளிடம் ஊருக்கு என்றேன். எந்த ஊர் என்று அவள் கேட்கவில்லை. அவளுடைய கலர் பென்சிலால் தாத்தாவின் சட்டைக் காலரில் வீட்டு நம்பரை எழுதிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை லீவு போட்டுத் துணி அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"டீச்சரம்மா, அப்பாவ ரெடி பண்ணுங்க. வேன் வந்துனு இருக்கு."

"மாதனூர் தாண்டிடுச்சா சார்?" என்று கேட்டேன். என்னால் முடிந்த அளவு விஷத்தை அதில் கலந்திருந்தேன்.

வாசலில் ஹாரன் அடித்தது. ஷூ கம்பெனி வேன். பெண்களைக் கம்பெனியில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்ப வேண்டிய வேன். உள்ளே முழுக்க வயசானவர்கள், மடியில் ஆளுக்கொரு டிபன் டப்பா. அப்பா நான் கதவைத் திறப்பதற்குள் செருப்பு மாட்டிக்கொண்டார். ஏறும்போது டிரைவரிடம், "இன்னாப்பா, தெனம் லேட்டு," என்று கடிந்துகொண்டார். நானும் ஏறினேன். வேன் எல்லா ஸ்டாப்பிலும் நின்றது.

நடந்தது இதுதான். வார்டு எப்போது திறப்பீர்கள் என்று கேட்டுவந்த ஒவ்வொரு குடும்பத்திடமும் அவர் திங்கட்கிழமை என்று சொல்லியிருக்கிறார். எந்தத் திங்கள் என்று கேட்டவர்களிடம், வர்ற திங்கள். இந்த ஊரில் மறதி வந்தவர்களைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் கம்பெனிக்குப் போகிற மகளோ மருமகளோதான். அவர்களில் பாதிப் பேர் அவருடைய பழைய வேன் பெண்கள். டிரைவர்கள் இன்னும் உங்கள் ஆட்கள்தானே, திரும்புகிற வேனில் கூட்டிவர முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள். பண்ணிட்லாம்மா. அன்று காலை பெரியவர்களைப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள். டாக்டரம்மா வருகிற கிழமையைப் பார்த்துத்தான் திங்கள் என்றாரா, வாய்க்கு வந்ததைச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஸ்டோர் ரூமில் டயாலிசிஸ் மெஷின் இன்னும் வரவில்லை. கல்யாண மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்திருந்தன. மண்டபத்துக்காரரும் யாரிடமோ சரி என்று சொல்லியிருக்க வேண்டும். இன்னொரு வேன் வந்தது. அதன்பின் இன்னொன்று. ரூம் நிறைந்து வராந்தாவில் உட்கார்ந்தார்கள். ஒரு அம்மா வீட்டுக்குப் போகணும் என்று விடாமல் அழுதார். ஒரு பெரியவர் நர்ஸின் கையைக் கடித்தார். அப்பா ஆஸ்பத்திரித் துண்டுகளைத் தோல் போல விரித்துத் தடவி, தரம் சரியில்லை என்று தனியே ஒதுக்கிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா தன் வழக்கமான நோயாளிகளை மத்தியானத்துக்குத் தள்ளிவிட்டு, வராந்தாவிலேயே ஒவ்வொருவராகப் பார்க்கத் தொடங்கினார்.

சாப் வந்தார்.

"இவங்கள யாரு வரச் சொன்னது?"

இன்சார்ஜ் சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

"நான்தான் சாப்."

"எல்லாரையும் திருப்பி அனுப்பு. இப்பவே."

"ஜீ சாப், அனுப்பிட்லாம். வூடுங்க பூட்டிக்கீது. சாவி பொண்ணுங்க கிட்ட."

"போன் பண்ணி வரச் சொல்லு."

"பண்ணிட்லாம் சாப். போனு கம்பெனி கேட்ல."

வேலை நேரத்தில் பெண்களின் செல்போனை வாங்கி கேட்டில் வைத்துவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. தையல் லைன் நிற்கக்கூடாது என்று அதைப் போட்டவர் சாப்தான்.

"அப்ப ஹெச்.ஆருக்குப் பேசி அவங்கள லைன்லருந்து வெளிய அனுப்பச் சொல்லு," என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். லைனிலிருந்து எத்தனை பேரை எடுத்தால் அன்றைய ஷிப்மெண்ட் என்ன ஆகும் என்பது அவருக்கு என்னைவிட வேகமாகத் தெரியும். அழுதுகொண்டிருந்த அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "வூட்டுக்குக் கூட்டினு போறியா?" என்று கேட்டார். சாப் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. அதே கையோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஐந்து மணிக்குப் பெண்கள் வந்தார்கள். விரல்களில் கோந்துக் கறையோடு இறங்கி, தங்கள் ஆட்களைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். சிலருக்கு அழுகை வந்தது; பகல் முழுக்கப் பூட்டை நினைக்காமல் வேலை செய்த முதல் நாள் என்று ஒருத்தி சொன்னாள். எல்லோரும் போகும்போது இன்சார்ஜிடம் கேட்டது ஒன்றைத்தான்.

"நாளிக்கு வரலாமா?"

"வாங்கம்மா."

சாப் காரில் ஏறும்போது அவரும் கேட்டார். "நாளைக்கு இதெல்லாம் கிடையாது. புரியுதா?"

"ஜீ சாப்."

வளாகம் காலியானது. நான் அவர்முன் போய் நின்றேன். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு, களைத்து, அமைதியாக நின்றார். அவரை அப்படிப் பார்த்துப் பல மாதம் ஆகியிருந்தது.

"சார், நாளைக்குக் காலையில பெங்களூர் கார் வருது. அப்பாவ அனுப்பிட்டா அப்புறம் எனக்குத் திருப்பிக் கூட்டிட்டு வரத் தைரியம் இருக்காது. நாளைக்கு இந்த ரூம் தொறந்திருக்குமா? என்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லுங்க."

அவர் வாய் பழக்கத்தில் திறந்தது. நான் அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். அது வந்தால் அப்பாவைப் பெங்களூர் காரில் ஏற்றிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

வாயை மூடிக்கொண்டார். கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"தெரிலம்மா," என்றார்.

வீட்டுக்கு வந்ததும் டிரைவருக்கு போன் செய்து வர வேண்டாம் என்றேன்.

"நாளைக்கு இல்லன்னா என்னிக்கு மேடம் வரணும்?" என்றார் அவர்.

தெரியாது என்றேன்.